அகல ரிம்மும் மேல் டிவிஷன் பாலமும்

பெப்ரவரி 4

இல்லை, பெரிய டயர் போட்டால் மலை சின்னதாகிவிடாது. தம்பிக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். றொனி இருப்பது தோஹாவில். அங்கே மலை என்பது யாரோ கொட்டி வைத்த மணல்.

றொனி இன்று அனுப்பிய ரிம் படங்கள்: முழுக் கறுப்பு அலாய். கறுப்பில் சிவப்புக் கோடு. வெள்ளி நிறத்தில், பூ இதழ் போல ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குரல் செய்தி. "அக்கா, இத பெருசாக்கிப் பாருங்க." பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாகத் தெரிந்தது.

விடயம் இவ்வளவுதான் — எழுதினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பா விட்டுப்போன மிட்சுபிஷி ஜீப் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. அதில்தான் ஹாலிஎலயிலிருந்து தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் பாடசாலைக்குப் போய் வருகிறேன். கணிதம் படிப்பிக்கும் ஜீவராணி டீச்சரும் அதில்தான். வேறு வண்டி அந்தப் பாதையில் ஏறாது. சித்திரை விடுமுறைக்குப் பிறகு எனக்குப் பதுளை டவுனுக்கு இடமாற்றம் கிடைக்கும்போல் இருக்கிறது. டவுனுக்கு பஸ் உண்டு. ஜீப் வேண்டாம். வாகன இறக்குமதிக்குத் தடை இருப்பதால் பழைய ஜீப்பையும் ஆட்கள் தேடி வாங்குகிறார்கள். ஆகவே விற்கலாம். றொனி ஊருக்கு வந்து கடை போடலாம்.

ஆனால் ஜீப்பின் கால்கள் சரியில்லை. ஒல்லியான இரும்பு ரிம், ஓரமெல்லாம் துரு. "இந்தக் காலோட அவள யாரும் பாக்க மாட்டாங்க" என்கிறான். ஜீப்பை அவன் எப்போதும் அவள் என்றுதான் சொல்வான்.

அம்மா அடுப்படியிலிருந்து: "ஜீப்பப் பாக்க ஆள் வருமாம். மகளுக்கு இருபத்தெட்டு. அவளப் பாக்க ஆளக் காணோம்."

பெப்ரவரி 6

இடமாற்றத்தைப் பற்றி ஜீவராணி டீச்சரிடம் இன்று சொல்ல நினைத்தேன். ஏற்றத்தில் முதலாம் கியர், கத்தினால்தான் கேட்கும். கத்திச் சொல்லக்கூடிய செய்தி அல்ல. இறக்கத்தில் அவர் தூங்கிவிட்டார்.

பாலத்தில் மட்டும் விழிப்பார். போன வருட மழை கொங்கிரீட் பாலத்தைக் கொண்டுபோன பிறகு, தோட்டத்து ஆட்களே ரெயில் பாதையின் பழைய சிலிப்பர் கட்டைகளை இரண்டு வரிசையாகப் போட்டுக் கட்டிய பாலம். இடது சக்கரத்துக்கு ஒரு வரிசை, வலது சக்கரத்துக்கு ஒரு வரிசை. நடுவே ஆறு. நடந்து போகிறவர்களும் அந்தக் கட்டைகளில்தான்.

நான் கீழே பார்ப்பதில்லை. அக்கரையில் ஒரு சவுக்கு மரம் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். பார்க்கத் தொடங்கினால் ஓட்ட முடியாது. வாழ்க்கையில் வேறு எதற்கும் எனக்கு இப்படி ஒரு தெளிவான முறை கிடையாது.

பெப்ரவரி 10

பதுளை. இத்ரூஸ் நானாவின் டயர் கடை.

ஜீப்பைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். குந்தியிருந்து பார்த்தார். எழுந்து கேட்டார்: "விக்கவா டீச்சர், ஓட்டவா?"

"இரண்டுக்கும்."

"ரெண்டுக்கும் ரிம் இன்னும் சந்தைக்கி வரல்ல."

பிறகு பிளேன்டீ வந்தது. பிறகு பாடம். ஓட்டுவதற்கென்றால் இப்போது இருப்பதைத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டுப் போகலாம். ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடிமண்ணைத் தேடிப் போகும், ஸ்டியரிங் லேசு. விற்பதற்கென்றால் அகல அலாய். அகல ரிம் போட்டால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே தள்ளி நிற்கும். வண்டி நெஞ்சை நிமிர்த்தியதுபோல் இருக்கும். ஆனால் ஸ்டியரிங் கனக்கும், கதவெல்லாம் சேறு அடிக்கும், பெயாரிங் சீக்கிரம் சாகும்.

"அதெல்லாம் வாங்கினவன் பாடு டீச்சர். நீங்க ஏன் கவலப்படுறீங்க?"

நியாயம். வாங்கினவன் பாடு. நான் ஏன் கவலைப்பட்டேன்?

பெப்ரவரி 14

விபூதிப் புதன். விடியற்காலைப் பூசைக்குப் போய், நெற்றியில் சாம்பலோடு பாடசாலைக்குப் போனேன். கீழே பாதையில் இரண்டு பேர் துடைக்கச் சொன்னார்கள். மேல் டிவிஷனில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே எல்லா நெற்றியிலும் இருக்கிறது.

அம்மா தவக்காலத்துக்கு மீனை விட்டுவிட்டார். றொனி ரிம் படம் அனுப்புவதை விடவில்லை.

பெப்ரவரி 19

தோஹா அறையில் எட்டுப் பேராம். எல்லோரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். கறுப்புக்கு ஐந்து வாக்கு. வெள்ளி இதழுக்கு இரண்டு. ஒரு நேபாளக்காரர் மட்டும் பழைய ரிம்மே அழகு என்றாராம். அவர் வேலை முடிந்து வந்த களைப்பில் இருந்ததால் அந்த வாக்கு செல்லாதாம்.

"அக்கா, கண்ண மூடிட்டு நெனச்சுப் பாருங்க. ஸ்பிரிங்வெலி ரோட்டுல அவ இறங்கி வாறா. கறுப்பு ரிம். வெயிலு."

விற்கிற பொருளைப் பற்றி யாராவது இப்படிப் பேசுவார்களா? கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பெப்ரவரி 25

பண்டாரவளையிலிருந்து அஜந்தன் என்று ஒருவர் போன் எடுத்தார். வெளிநாட்டு ஆட்களை மலைக்குக் கூட்டிப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கவைக்கும் தொழில். விளம்பரத்தில் ஜீப்பைக் கண்டாராம்.

"இஞ்சின் நல்லாருக்குன்னு போட்டிருக்கீங்க. நம்புறேன். ரிம் இதேதானா?"

"மாற்றப்போகிறோம்."

"மாத்திட்டுப் படம் போடுங்க மேடம். அப்புறமா வந்து பாக்குறேன்."

ஆகத் தெரிவு நடந்துவிட்டது. நான் அதில் கலந்துகொண்டதாக நினைவில்லை.

மார்ச் 1

ஒன்பதாம் தரத்தில் 'எனக்குப் பிடித்த வாகனம்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பதினேழு பேரில் பதினாறு பேர் எங்கள் ஜீப்பை எழுதியிருக்கிறார்கள். ஒருவன் விமானம். அவனுக்குக் கூடுதல் புள்ளி கொடுத்தேன். வேறு என்ன செய்வது.

மார்ச் 9

மாற்றியாயிற்று. கறுப்பு அலாய். தோஹா அறையின் தீர்ப்பு.

இத்ரூஸ் நானா எல்லாவற்றையும் அளந்தார் — மட்கார்டு, ஸ்பிரிங், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் எங்கே முட்டும், எங்கே உரசும். ஒரு குறை சொல்ல முடியாது. நான்கு புதுச் சக்கரமும் ஜீப்புக்கு வெளியே நாலு விரல் தள்ளி நின்றன. கல்யாண வீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும் தாய்மாமன்போல் இருந்தது.

"மாஷா அல்லாஹ். இப்ப கேளுங்க விலய" என்றார் நானா.

படம் எடுத்து றொனிக்கு அனுப்பினேன். பதிலாக ஒரு குரல் செய்தி. அதில் பேச்சில்லை. எட்டுப் பேர் கைதட்டுகிறார்கள்.

வரும் வழியில் ஸ்டியரிங் கனத்தது. தோள் வலி. பழைய ரிம் நான்கும் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன.

மார்ச் 10

காலையில் கந்தப்பன் தலைவர் வந்தார். மேல் டிவிஷனின் தலைவரும் அவர்தான், மாரியம்மன் கோவில் கமிட்டியின் தலைவரும் அவர்தான். இரண்டுக்கும் ஒரே குரல். மலையின் இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். அடுத்த ஞாயிறு அம்மன் ஊர்வலம். அம்மன் வருவது எங்கள் ஜீப்பில். வேதக்கார வீட்டு ஜீப் என்று யாரும் யோசித்ததில்லை. மலையேறும் ஜீப் இது ஒன்றுதான். வழமைபோல் கோவிலில் காப்புக் கட்டிய கையோடு மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்திருந்தார், ஜீப்புக்கும் கட்ட.

ரிம்மைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அடேயப்பா! தாயிக்குப் புதுச் செருப்பா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் ஸ்டியரிங்கில் கயிற்றைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். இனி ஊர்வலம் முடியும்வரை ஜீப்பில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் ஏற்றக்கூடாது. வேறொருவர் கையில் கொடுக்கக்கூடாது. ஒரு நட்டைக்கூடக் கழற்றக்கூடாது. ஏன் நட்டு? யாருக்கும் தெரியாது. அப்பா ஒரு வருடம் ஹோர்ன் செத்துப்போன ஜீப்பை வாரம் முழுக்க அப்படியே ஓட்டினார். தலைவர் முன்னால் தொங்கிக்கொண்டு, வளைவுக்கு வளைவு வாயால் ஹோர்ன் அடித்தார்.

"மீன் விசயத்துல கஷ்டமில்ல தலைவரே" என்றார் அம்மா. "எங்களுக்கும் தவக்காலம். ரெண்டு பேருக்கும் ஒரே விரதத்துல முடிஞ்சிரும்."

விற்கப்போவதைத் தலைவரிடம் சொல்லவில்லை. ஊர்வலம் முடியட்டும் என்று. அது நல்லெண்ணமா, கோழைத்தனமா — இரண்டுக்கும் ஒரே முகம்.

மார்ச் 11

எருமை. எருமை. நான்தான்.

பாலத்துக்கு முன்னால் சவுக்கு மரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறினேன். முன் சக்கரம் கட்டையில் ஏறிய சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஜீவராணி டீச்சர் என் கையைப் பிடித்தார். "நிப்பாட்டுங்க. நிப்பாட்டுங்க டீச்சர்." நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் டயரில் பாதி கட்டைக்கு வெளியே, காற்றில்.

"பாதி பலகையில இருக்கு" என்றார் ஜீவராணி டீச்சர், கணக்குப் படிப்பிக்கிற குரலில். "மிச்சம் ஆத்துக்கு."

எல்லாவற்றையும் அளந்தோம். மட்கார்டை அளந்தோம். ஸ்பிரிங்கை அளந்தோம். பண்டாரவளை ஆளின் ஆசையை அளந்தோம். இந்தப் பாலம் எங்கள் ஜீப்புக்கு அளவெடுத்துப் போட்ட பாலம். சென்ற வருடம் தலைவர் ஒரு கயிற்றைச் சக்கரத்துக்குச் சக்கரம் பிடித்து முடிச்சுப் போட்டபோது நானே பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானே. பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்த நானே.

ஜீப்பைப் பின்னால் எடுத்து இந்தக் கரையில் விட்டுவிட்டு நடந்தோம். பிள்ளைகள் அக்கரையில் வரிசையாக நின்று பார்த்தார்கள். விமானம் எழுதியவன் சிரித்தான்.

பின்னேரம் தலைவரிடம் சொன்னேன். பழைய ரிம் வீட்டில் இருக்கிறது, இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்றேன். அவர் ரிம்மைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

"கட்டியாச்சே டீச்சரம்மா."

கமிட்டி கூடியது. ஜீப்புக்குப் பக்கத்தில், நின்றபடி. ஒருவர், அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தால் என்ன என்றார். தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கோவில் கட்டுனதுலருந்து வண்டியிலதான் வாறா. இறங்கி நடன்னு நீ போய்ச் சொல்றியா? சொல்லிட்டு உசுரோட வா, பாப்போம்." இன்னொருவர், கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டலாமே என்றார். தலைவர் ஜீப்புக் கதவைச் சாத்தினார்.

பிறகு பாலத்துக்குப் போய்க் காலால் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"சரி" என்றார் தலைவர். "அப்ப பாலத்தத் தள்ளுவோம்."

யாரும் சிரிக்கவில்லை. பாலத்தில் நட்டுக் கழற்றக்கூடாது என்று எங்கும் சட்டமில்லை.

"தலைவரே, இந்த ஜீப்பு —" என்று தொடங்கினேன்.

"ஜீப்புக்கு ஒண்ணும் ஆகாது. நாங்க பாத்துக்குறோம். காலையில பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப, சொல்லி ஆள் எடுக்குறேன். நீங்க வீட்டுக்குப் போங்க, அம்மா தேடும்."

போனேன்.

மார்ச் 12

கொழுந்து நிறுத்து முடிந்ததும் எல்லோரும் நேரே ஆற்றுக்கு வந்தார்கள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் சிலர். ஆண்கள் கையில் அலவாங்கு, கட்டையை நெம்ப. பெண்கள் கல் எடுத்துக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார்கள். தலைவர் கோவிலில் தொங்கிய பழைய அளவுக் கயிற்றைக் கொண்டு வந்தார். ஒரு நுனியை ஜீவராணி டீச்சர் பிடித்தார், மறு நுனியை அவர். புதுச் சக்கரத்துக்குப் புது முடிச்சு. பழைய முடிச்சுகளை யாரும் அவிழ்க்கவில்லை. அவை உள்ளே, இவை வெளியே.

ஒரு வரிசைக் கட்டையை நாலு விரல் அந்தப் பக்கம். மற்ற வரிசையை நாலு விரல் இந்தப் பக்கம். எழுதும்போது எவ்வளவு சின்ன விடயம். அலவாங்கு வழுக்கி ஒருவருக்குப் புறங்கை பிளந்தது. பழைய துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் என் வேலை. வண்டி அசையாமல் பார்த்துக்கொள்வது.

கடைசியில் நான்கு முனைக்கும் சீமெந்து போட்டார்கள். கோவில் வேலைக்கு வைத்திருந்த சீமெந்து.

"இனி அசையாது" என்றார் தலைவர். "உங்க பேரப்புள்ளைங்க ஓட்டலாம்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். சீமெந்து ஈரமாக இருந்த நேரம். சொல்லியிருந்தால்?

மார்ச் 13

அஜந்தன் படம் பார்த்துவிட்டாராம். "இப்பதான் மேடம் ஜீப்பு." அடுத்த வாரம் வருகிறார்.

மார்ச் 17

அம்மன் ஜீப்பில் ஏறினாள். சந்தனம், குங்குமம், வேப்பிலை — அம்மனுக்கு வைத்த கையோடு நான்கு ரிம்முக்கும். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம். நசுக்கினேன். முன் சீட்டில் வழமைபோல் அம்மா, கையில் செபமாலை. பாதை மோசமாகும் இடங்களில் மட்டும் உருட்டுவார்.

பாலத்தில் மேளத்தை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சவுக்கு மரத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக் கீழே பார்த்தேன், முதல் தடவையாக. ஆறு இருந்தது. டயர் முழுக்கக் கட்டையின் மேல் இருந்தது. நடுவில். கொஞ்சம்கூட இப்படி அப்படி இல்லை.

அக்கரையில் மேளம் மறுபடி தொடங்கியது.

"சரியா இருக்கா?" என்று தலைவர் கத்தினார்.

"சரியா இருக்கு" என்று கத்தினேன்.

அம்மா மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ ஏண்டி அழுவுற?"

தூசி.

மார்ச் 18

காப்பை அறுத்துவிட்டார்கள். இனி எந்த நட்டையும் கழற்றலாம்.

இறக்கத்தில் ஜீவராணி டீச்சர் தூங்கவில்லை. பாலம் கடந்ததும் சொன்னார்: "டவுன் ஸ்கூலுக்கு உங்க பேரு வந்திருக்குன்னு எனக்குத் தெரியும் டீச்சர். ரெண்டு மாசமாவே. ஒஃபிசுல சொன்னாங்க."

பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் ஒன்றும் கேட்கவில்லை?"

"ஃபர்ஸ்ட் கியர்ல என்னத்தக் கேக்குறது."

"ஜீப் விற்பதும் தெரியுமா?"

"ரிம் மாத்துனப்ப தெரிஞ்சிச்சு. ஓட்டுறவங்க யாரும் அத போட மாட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

"தெரிந்துகொண்டுதான் அன்றைக்குக் கயிறு பிடித்தீர்களா?"

"கயித்த யாராச்சும் புடிக்கணுமே டீச்சர்."

பிறகு, நான் கேட்காமலே, சொன்னார். மேல் டிவிஷன் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு காம்பரா கேட்டு வைத்திருக்கிறாராம். சித்திரைக்குப் பிறகு வாரநாளில் அங்கேயே தங்கப்போகிறாராம். மகளுக்கு மூன்று வயது. மாமியாரிடம் விட வேண்டும். "வெள்ளிக்கிழம நடந்து இறங்கிருவேன். இறக்கம்தானே."

இறக்கம்தான். திங்கட்கிழமை ஏற்றம் என்பதை அவர் சொல்லவில்லை.

மார்ச் 20

சந்தனம் வைத்த ரிம்மின் படத்தை றொனி தன் வாட்ஸ்அப் முகப்பில் போட்டிருக்கிறான். அவன் முகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சக்கரம். நேபாளக்காரர் அதைத் தொட்டுக் கும்பிட்டாராம்.

காலை: "அக்கா, குங்குமத்தக் கழுவிறாதீங்க."

இரவு: "அக்கா, அந்த ஆள் வாறதுக்கு முன்ன கழுவணும், என்ன?"

இரண்டு செய்தியையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். குரல் ஒன்றல்ல.

மார்ச் 23

கழுவவில்லை. கழுவ நேரமில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாளியையும் துணியையும் பார்த்தார். இரண்டும் என் காலடியில் இருந்தன.

அஜந்தன் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையான ஆள். ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தார், சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல். ரிம்மில் காய்ந்திருந்த சந்தனத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பூச போட்டிருக்கு" என்றார். பிறகு மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை. எனக்குத் தெரிந்த மலைப்பாதை ஒன்றுதான்.

அவர் ஓட்டினார். நான் பக்கத்தில். நன்றாகத்தான் ஓட்டினார். பாலத்தைக் கண்டதும் நிறுத்தி இறங்கினார். முன்னால் போய்க் கட்டையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், மறுபடி கட்டையைப் பார்த்தார்.

"ஜீப்புக்கு அளந்து போட்ட பாலம் மாதிரி இருக்கே?"

"அளந்துதான் போட்டது."

"இந்த ரிம்முக்கா?"

"இந்த ரிம்முக்கு. போன வாரம்."

முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு முனையிலிருந்த சீமெந்தைக் கண்டார். இன்னும் வெளிறிய புது நிறம். அதில் யாரோ ஒரு பிள்ளையின் கால் பதிந்திருந்தது.

"அப்ப ஜீப்பு போனா, பாலம்?"

நான் சவுக்கு மரத்தைப் பார்த்தேன்.

"அத விடுங்க" என்றார். "எனக்கு ஜீப்பு புடிச்சிருக்கு. விலையும் சரி. ஆனா ஈஸ்டர் முடியட்டும், யோசிச்சுச் சொல்லுங்க மேடம். நான் ஓடிற மாட்டேன்." திரும்பி ஹாலிஎல வரை அவரே ஓட்டினார். வீட்டு வாசலில் இறங்கிச் சாவியை என் கையில் தரும்போது சொன்னார்: "பாலத்தையும் சேத்து எழுதித் தந்தீங்கன்னா இப்பவே எடுத்துக்குவேன்." சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா அவருக்கு இரண்டாவது தடவை டீ ஊற்றினார். அம்மாவின் கணக்கு வேறு.

மார்ச் 24

குருத்து ஞாயிறு. பூசையில் சாமியார் சொன்னது எதுவும் நினைவில்லை. குருத்தோலையை எல்லோரும் உயர்த்தியபோது கையெல்லாம் அலவாங்காகத் தெரிந்தது.

மார்ச் 27

பழைய ரிம்மைப் போட்டுக்கொண்டு, பாலத்தைப் பழையபடி தள்ளச் சொல்லலாம். சொன்னால் செய்வார்கள். அதுதான் பிரச்சினை.

ஜீப்பை விற்றுவிட்டு, விற்றோம் என்று சொல்லலாம். சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுவும்தான்.

நான் போக விரும்புகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் விரும்புகிறேன். டவுன் பாடசாலையில் நூலகம் இருக்கிறது. மேல் டிவிஷனில் ஒரு அலுமாரி. அதற்கும் பூட்டில்லை, ஏனென்றால் உள்ளே ஒன்றுமில்லை. விருப்பம் மாறவில்லை. வேறு ஏதோ மாறியிருக்கிறது. பெயர் தெரியவில்லை. நாலு விரல் அகலம் இருக்கும்.

மார்ச் 31

உயிர்த்த ஞாயிறு. ஆட்டிறைச்சி. அம்மா தவக்காலம் முழுவதையும் ஒரே தட்டில் ஈடுகட்டினார்.

பின்னேரம் றொனிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊர்வலப் படத்தை மட்டும்தான் அவன் பார்த்திருந்தான். பாலத்தைச் சொல்லவில்லை நான், இன்றுவரை.

"பாலத்தையே தள்ளுனாங்களா?"

"ஆமா."

"நம்ம ரிம்முக்கா?"

"உன் ரிம்முக்கு."



"அக்கா, அப்ப என் கட?"

  விற்காவிட்டால் நட்டம் அவனுக்கும்தான். விற்றால், பாலத்தைத் தள்ளியவர்களை முகத்துக்கு நேரே பார்க்கவேண்டிய கஷ்டம் எனக்கு மட்டும்தான். இரண்டும் சமமல்ல. அதை அவனிடம் சொன்னேன்.

"நீ விற்கச் சொன்னால் விற்கிறேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். 

"இருங்க" என்றான். போன் கைமாறும் சத்தம். யாரோ ஹிந்தியில் ஏதோ கேட்டார்கள். அவன் ஏதோ சொன்னான். ஒருவர் சிரித்தார், ஒருவர் திட்டினார்.

திரும்பி வந்தான். "கொன்ட்ராக்ட இன்னும் ரெண்டு வருஷம் போடுறேன். இங்க ஒண்ணும் குறையல. ஆனா ஒண்ணு. நான் வந்தா அடுத்த ஊர்வலத்துக்கு நான்தான் ஓட்டுவேன். நீங்க பின்னால ஏறணும்."

"சரி."

"ரிம்ம யாரும் சொரண்டாம பாத்துக்குங்க."

"சரி."

"அவகிட்ட கேட்டேன்னு சொல்லுங்க."

இது நியாயமா? இல்லை. இரண்டு வருடம். எழுதிவைக்கிறேன், பிறகு மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாமல்.

அம்மா தட்டுகளைக் கழுவிக்கொண்டே: "ஜீப்பும் போகல. நீயும் போகல. அவனும் வரல. நல்ல ஈஸ்டர்." பிறகு: "அந்தப் பண்டாரவளப் பொடியனுக்கு நானே போன் எடுத்துச் சொல்லவா?"

வேண்டாம் என்றேன். நானே எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. பாலத்தைப் பார்க்க எப்போதாவது வரலாமா என்று கேட்டார். பாலம் பொதுப் பாதையில் இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 5

வலயக் கல்விப் பணிமனையில் இடமாற்றம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டார்கள். "போக்குவரத்து" என்றேன். எல்லோரும் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் டவுனுக்கு வருகிறார்களாம். டவுன் வேண்டாமென்று யாரும் அதைச் சொன்னதில்லையாம்.

ஏப்ரல் 24

விடுமுறை முடிந்தது.

சனிக்கிழமை, பழைய ரிம் நான்கையும் இத்ரூஸ் நானாவின் கடையில் இறக்கினேன். ஒன்றினுள் கோழி முட்டையிட்டிருந்தது.

"ஓட்டுறதுக்கு இதுதானே டீச்சர் நல்லம்?" என்றார் நானா. "இது உங்களுக்கு வேணாமா?"

"அளவு சரியில்லை" என்றேன்.

ஸ்டியரிங் இன்னும் கனம்தான். கதவு கைப்பிடிவரை சேறு. முன் இடது சக்கரத்தில் பெயாரிங் முனகத் தொடங்கிவிட்டது. அவர் சொன்னதுபோலவே, சொன்னதைவிடச் சீக்கிரம். அந்தப் பாடு இனி என்னுடையது.

காலையில் ஜீவராணி டீச்சரை அவர் வீட்டு வாசலில் ஏற்றினேன். மகள் படியில் நின்று சக்கரத்துக்குக் கை காட்டினாள். எங்களுக்கல்ல. முதலாம் கியரில் மேலே போனோம்.